தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், வைக்க நினைப்பவர்கள், முக்கியமாகப் பிள்ளைகளின் ஆசைக்காக இந்த விடுமுறையில் ஒன்று வாங்கிக் கொடுக்கப் போகிறவர்கள் நேரம் ஒதுக்கி வாசியுங்கள். மற்றவர்கள் கடந்து போனாலும் குறையில்லை.

எமது பாடசாலையில் தரம் 4 வகுப்புகளைப் பார்க்கும் ஆசிரியைகள் நாங்கள் மூன்று பேர். சென்ற தவணையில் எங்கள் பொறுப்பில் இருந்த 22 மீன்கள் செத்தன. "செத்தன" என்று எழுதுவதும் ஒரு வகையில் தப்பித்துக் கொள்வதுதான். நாங்கள் சாகடித்தோம். அதைத்தான் எழுத வந்தோம்.

தொட்டி வந்த கதை இதுதான். கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த பழைய மாணவர் ஒருவர் தான் படித்த வகுப்பறைக்கு அன்பளிப்பாக ஒரு கண்ணாடித் தொட்டி தந்தார். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கூடவே நிறம் பூசிய கல், பிளாஸ்டிக் செடி, காற்றுக் குமிழி வரும்போது வாய் திறக்கும் சிப்பி ஒன்று. அவர் கொண்டு வந்தது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை மேலிடத்திலிருந்து ஒரு குழு பாடசாலையைப் பார்வையிட வருவதாக இருந்தது. அந்த நாட்களில் பாடசாலை எப்படியிருக்கும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுவரில் இல்லாத சித்திரமெல்லாம் ஒரே இரவில் முளைக்கும். எங்கள் வகுப்பில் மீன் தொட்டி முளைத்தது. செவ்வாய் பின்னேரமே கழுவி, பைப்பில் தண்ணீர் பிடித்து நிரப்பி, ஓட்டோவில் டவுனுக்குப் போய் நான்கு கோல்ட் பிஷ், ஆறு குப்பி, இரண்டு டேங்க் கிளீனர் என்று 12 மீன் வாங்கி வந்து விட்டோம்.

குழு வந்தது. பாராட்டியது. தொட்டியோடு படம் எடுத்தோம். இதே பக்கத்தில்தான் போட்டோம், உங்களில் பலர் மாஷா அல்லாஹ் போட்டிருந்தீர்கள்.

வகுப்பில் 34 பிள்ளைகள். ஆளுக்கொரு சிட்டிகை மீன் சாப்பாடு போட வேண்டும் என்று சண்டை. நாங்களும் வரிசை போட்டுக் கொடுத்தோம், யாரும் மனம் நோகக் கூடாதே என்று. வெள்ளிக்கிழமை காலை ஒரு குப்பி மிதந்தது. 11.30க்குப் பாடசாலை விட்டு, சனி ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது மணமே சொல்லிவிட்டது. தண்ணீர் பால் கரைத்தது போல் இருந்தது. இரண்டு டேங்க் கிளீனரும் ஒரு கோல்ட் பிஷும்தான் மிச்சம். புதன்கிழமைக்குள் அவையும் முடிந்தன.

அழுத பிள்ளைகளிடம் நாங்கள் சொன்னது, "அல்லாஹ்ட நாட்டம் பிள்ளைகள், அதுகளுக்கு அவ்வளவுதான் ஆயுசு." பிள்ளைகள் கேட்டுக் கொண்டார்கள்.

பிறகு யாரோ குளோரீன் என்றார்கள். அட, பைப் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. சரி, காரணம் கிடைத்துவிட்டது. தொட்டியை முழுக்க வெளியே எடுத்து, கல், சிப்பி, பில்டர் ஸ்பொஞ் எல்லாவற்றையும் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்து, இந்த முறை தண்ணீரை வாளிகளில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றினோம். பிள்ளைகள் ஆளுக்கு 50 ரூபா சேர்த்தார்கள். பத்து மீன். ஒன்பது நாள். பத்தாவது நாள் ஒன்றும் இல்லை.

கடைசி மீனை நெட்டில் அள்ளும்போது பின் வாங்கிலிருந்து எழுந்து வந்த ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், நாங்களா மீனெல்லாத்தையும் சாகடிச்ச?"

முதல் தடவை சொன்ன பதிலை இரண்டாம் தடவை சொல்ல எங்களுக்கு நாக்கு வரவில்லை. ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்ற ஹதீஸை இதே வகுப்பில், இதே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள். கட்டாத ஒட்டகத்துக்கு நாட்டத்தைக் காரணம் காட்டிவிட்டு இருந்திருக்கிறோம்.

ஊரில் சீமெந்துத் தொட்டி கட்டி அலங்கார மீன் வளர்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டோம். வந்து தொட்டியைப் பார்க்கவுமில்லை. "எப்ப தண்ணி விட்ட டீச்சர்?" "திங்கள்." "மீன்?" "திங்கள்." சிரித்தார். "ஸ்பொஞ்ச என்னத்தாலயாம் கழுவின?" சொன்னோம். அதற்கு மேல் சிரிக்கவில்லை.

அவர் அரை மணி நேரம் விளக்கியதைக் கேட்கக் கேட்க எங்களுக்கு வேறொரு வெட்கம் வந்தது. அவர் சொன்னது நைதரசன் வட்டம். க.பொ.த. சாதாரண தரத்தில் அம்புக்குறி போட்டு, பற்றீரியாப் பெயர் எழுதி, முழுப் புள்ளி வாங்கிய அதே படம். ஆசிரியர் கலாசாலையில் அதை எப்படிக் கற்பிப்பது என்று பாடக்குறிப்பு எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம். மண்ணில், அவரை வேரில், மின்னலில் அது நடக்கும் என்று தெரியும். வகுப்பறை மூலையில் 50 லீற்றர் தண்ணீருக்குள் அது நடக்காததால்தான் மீன் செத்தது என்று தெரியவில்லை. அந்தத் தம்பி சாதாரண தரம் சித்தி அடையாதவர். இதை அவரே சொல்லச் சொன்னார்.

தெரியாதவர்களுக்காக: மீன் மூச்சு விடும் பூவின் வழியாகவே அமோனியாவை வெளியேற்றிக் கொண்டிருக்கும். அதன் எச்சமும் தின்னாமல் அடியில் கிடந்து அழுகும் சாப்பாடும் மேலும் அமோனியாவைக் கொடுக்கும். ஆற்றிலோ குளத்திலோ அது கரைந்து போகும். தொட்டிக்குள் எங்கே போகும்? அமோனியா மீனின் பூவை எரிக்கும். அதை நைத்திரைற்றாக மாற்றும் ஒரு வகைப் பற்றீரியா உண்டு. ஆனால் நைத்திரைற்றும் நஞ்சு. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை அது கெடுத்துவிடும். தண்ணீரில் எவ்வளவு காற்று இருந்தாலும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்து "மீன் துஆ கேக்குது" என்று சொன்னார்கள், நாங்களும் சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் என்னவோ செய்கிறது. இன்னொரு வகைப் பற்றீரியா அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். அது பெரிதாகக் கெடுதல் செய்யாது. செடி இருந்தால் எடுத்துக் கொள்ளும், மிச்சத்தைத் தண்ணீர் மாற்றும்போது வெளியேற்றலாம்.

இந்த மாற்றத்தைச் செய்யும் பற்றீரியாக்களை 1890 அளவில் பிரித்தெடுத்தவர் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி. விசயம் புதிதல்ல. ஆனால் இந்தப் பற்றீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல, கல்லிலும் ஸ்பொஞ்சிலும் கண்ணாடியிலும் ஒட்டி வாழ்பவை. மிக மெதுவாகப் பெருகுபவை. புதுத் தொட்டியில் இரண்டு வகையும் போதிய அளவு வளர நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். நாங்கள் கொடுத்தது ஒரு பின்னேரம். இரண்டாம் முறை, முதல் முறையில் தப்பித் தவறி வந்து ஒட்டியிருக்கக் கூடியவற்றையும் சவர்க்காரத் தூளால் கழுவி வெயிலில் போட்டுவிட்டோம். குளோரீனைத் தெரிந்து கொண்டதால் மீன் இரண்டு நாள் கூடுதலாக உயிரோடு இருந்திருக்கும், அவ்வளவுதான்.

வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களில் பலர் ஆறு மாதத்துக்கொரு முறை இதையே செய்கிறார்கள். தொட்டியைப் பளிச்சென்று கழுவிப் புதுத் தண்ணீர் விடுவார்கள். அடுத்த வாரம் மீன் சாகும். "தண்ணி மாத்தியும் சாகுதே" என்பார்கள். மாற்றியதால்தான் சாகிறது.

மூன்றாம் முறை தொடங்கினோம். இந்த முறை மீன் இல்லாமல்.

முதலில் இடம். இரண்டடித் தொட்டி என்றால் சின்னதுதானே என்று நினைக்கக் கூடாது. இரண்டு கன அடி தண்ணீர் என்பது ஏறக்குறைய 56 லீற்றர், அதாவது 56 கிலோ. கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் ஒரு பெரிய ஆளின் நிறை. நாங்கள் முதலில் வைத்திருந்தது பிள்ளைகளின் மேசையில். யாராவது சாய்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போது யோசிக்கப் பயமாக இருக்கிறது. சுவரோரம் சீமெந்துத் திட்டு ஒன்று இருந்தது. அதன் மேல் ரெஜிபோம் தகடு ஒன்றை விரித்து வைத்தோம். அடியில் ஒரு மணல் மணி கிடந்தாலும் கண்ணாடிக்கு அது போதும் வெடிக்க. ஜன்னல் வெயில் நேராக விழாத பக்கம். விழுந்தால் ஒரே மாதத்தில் பச்சைப் பாசி. வெறுந் தொட்டியில் தண்ணீர் விட்டு ஒரு நாள் முழுக்க ஒழுகுகிறதா என்று பார்த்தோம்.

கல். கரையோர ஊர் என்பதால் கடல் மணல் இலவசம், எல்லோரும் அதைத்தான் அள்ளுகிறோம். அதில் சிப்பித் தூள் கலந்திருக்கும். அது கரையக் கரையத் தண்ணீரின் கடினம் கூடும். ஒரு கைப்பிடியில் வினாகிரியைச் சொட்டிப் பாருங்கள், நுரைத்தால் வேண்டாம். பிள்ளைகளுக்கு இந்தப் பரிசோதனை அவ்வளவு பிடித்துப் போய், பாடசாலை வளவில் இருந்த எல்லாக் கல்லுக்கும் வினாகிரி ஊற்றினார்கள். ஆற்றுச் சல்லி கிடைத்தது. தண்ணீர் தெளியும் வரை அலசினோம். வெறும் தண்ணீரில்.

தண்ணீர். பைப் தண்ணீர் என்றால் குளோரீன் போக வேண்டும். அகலமான வாயுள்ள பாத்திரத்தில் எயார் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்தால் போதும். அவசரம் என்றால் கடையில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேற்று. கிணற்றுத் தண்ணீரில் குளோரீன் இல்லை என்று நம்பி அப்படியே ஊற்றக் கூடாது. ஆழத்திலிருந்து வருவதில் ஒட்சிசன் குறைவு, காபனீரொட்சைட்டு கூட. அதையும் ஒரு நாள் வைத்துத்தான் எடுக்க வேண்டும். மலசலகூடக் குழியும் கிணறும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எங்களைப் போன்ற மணல் ஊர்களில் அந்தத் தண்ணீரில் மீனுக்கு முந்தியே நைத்திரேற்று இருக்கலாம். (மனிதர்கள் குடிப்பதைப் பற்றி இன்னொரு நாள் எழுத வேண்டும்.)

பில்டர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எயார் பம்பில் ஓடும் சாதாரண ஸ்பொஞ் பில்டர். இரவும் பகலும் ஓட வேண்டும் என்பதுதான் விசயம். இங்கேதான் இன்னொரு பிழை வெளிச்சத்துக்கு வந்தது. எங்கள் காவலாளி நானா பொறுப்பான மனிதர். பிள்ளைகள் போனதும் பாதுகாப்புக்காகக் கட்டடத்தின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கேட்டைப் பூட்டுவார். அப்படியென்றால் முந்திய இரண்டு முறையும் ஒவ்வொரு இரவும் பம்ப் நின்றிருக்கிறது. அந்தப் பற்றீரியாவுக்கும் ஒட்சிசன் வேண்டும், மீனுக்கும் வேண்டும். அவருக்கு நாங்கள் சொல்லவேயில்லை, அவர் எப்படி அறிவார்? இப்போது எங்கள் வகுப்புக்கு மட்டும் தனிப் பிரேக்கர். சனி ஞாயிறில் தொட்டியைப் பார்ப்பதும் அவர்தான், எங்களைவிட அக்கறையாக. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படியொரு காலம் வந்தால் என்று பற்றரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறோம்.

மீன் வளர்க்கும் தம்பியிடம், உங்கள் தொட்டியில் ஓடுகிற பழைய ஸ்பொஞ் ஒன்று தாருங்கள் என்று கேட்டோம். அதில் பற்றீரியா நிறைந்திருக்கும், காத்திருக்கும் காலம் பாதிக்கு மேல் குறையும். அவர் தரவில்லை. அவருடைய மீன்களுக்கு அப்போது வெள்ளைப்புள்ளி நோய், ஸ்பொஞ்சோடு அதுவும் வரும் என்றார். வியாபாரி ஒருவர் இப்படிச் சொல்வதைக் கேட்டு நாளாகிறது. ஆக வெறும் தண்ணீரில், ஒன்றுமில்லாமல் தொடங்கினோம். தினமும் ஒரு சிட்டிகை மீன் சாப்பாடு மட்டும் போடுவோம். மீனுக்கு அல்ல, அது அழுகி அமோனியா வரட்டும் என்று. ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை. 34 பேருக்கும் முறை வந்தது, சண்டை இல்லை.

தம்பி தந்த டெஸ்ட் கிட்டில் இரண்டு நாளைக்கொரு முறை பார்த்தோம். அமோனியா இல்லையென்றால் மஞ்சள், இருந்தால் பச்சை. நைத்திரைற்று இல்லையென்றால் நீலம், இருந்தால் ஊதா. பிள்ளைகள் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டிக் கட்டம் கீறி, அந்த நிறத்தை அப்படியே க்ரேயோனில் தீட்டினார்கள். முதல் வாரம் மஞ்சள். இரண்டாம் வாரம் பச்சை ஏறியது. மூன்றாம் வாரம் பச்சை மங்கத் தொடங்கவும் பக்கத்துக் கட்டம் ஊதாவானது. "ஒண்டு போகுது, ஒண்டு வருது டீச்சர்" என்றான் ஒருவன். சாதாரண தரப் புத்தகத்தின் அம்புக்குறி அது. பத்து வயதுப் பிள்ளை பெயர் தெரியாமலே கண்டுவிட்டான். 33வது நாள் மஞ்சளும் நீலமும் ஒன்றாக வந்தன. வகுப்பு முழுக்கத் தக்பீர்.

அந்த ஐந்து வாரமும் நாங்கள் கேட்ட பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. "மீனில்லாத தொட்டிக்குக் கரண்ட் பில்லா?" என்றார் ஒருவர். "நூறு ரூவா மீன், செத்தா இன்னொண்டு வாங்குற, இதுக்கென்ன ஆராய்ச்சி?" என்றார் இன்னொருவர். அவர் எங்களுக்கு மிக நெருக்கமானவர், இந்தப் பதிவையும் வாசிப்பார், அதனால் இங்கேயே பதில் சொல்கிறோம். செத்தால் இன்னொன்று வாங்கலாம் என்று ஒரு பிள்ளை எங்களிடம் படித்துக் கொண்டு போனால் அந்தப் படிப்பு நூறு ரூபாவோடு நிற்காது. பூனையைக் கட்டி வைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதையை நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம். எங்கள் மீன்கள் பட்டினியில் சாகவில்லை, 34 பேரின் அன்பில்தான் செத்தன. ஆனாலும் அடைத்து வைத்தவர்கள் நாங்கள், தண்ணீருக்குப் பொறுப்பானவர்களும் நாங்கள்தானே.

இடையில் இன்னொரு பார்வையிடல் வந்தது. வந்தவர், "தொட்டியில் மீன் எங்கே?" என்று கேட்டார். அதிபரின் முகம் மாறியது, எங்களுக்கும் வயிற்றைக் கலக்கியது. பின் வாங்கிலிருந்து அதே பிள்ளைதான் எழும்பினாள். "தண்ணி இன்னும் சரி வரல்ல சேர், ஊதா இருக்கு" என்று சுவரைக் காட்டினாள். அவர் சுவரில் இருந்த தாளைப் பார்த்துக் கொண்டே நின்றார். என்ன எழுதிக் கொண்டு போனார் என்று தெரியாது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் நாங்கள் இதுவரை நடத்திய எந்தப் பாடமும் அதற்கு ஈடாகாது என்பது எங்கள் கணக்கு.

பிறகு மீன். என்ன மீன் என்பதில்தான் பலர் பிழை விடுகிறோம், கடையில் அழகாகத் தெரிவதை வாங்குவதால். கோல்ட் பிஷ் எங்கள் தொட்டிக்கும் எங்கள் சூட்டுக்கும் சரிவராது. அது கெண்டைக் குடும்பம். நன்றாக வளர்ந்தால் ஒரு சாணைத் தாண்டும், மற்ற மீன்களைவிட அதிகம் கழிக்கும், குளிர்ந்த தண்ணீரை விரும்பும். 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும், 30 பாகையில் ஏழரைதான். தகரக் கூரை வகுப்பறையில் ஏப்ரல் மாதம் தண்ணீர் எத்தனை பாகை என்று நீங்களே யோசியுங்கள். கண்ணாடிக் கிண்ணத்துக்குள் ஒற்றைக் கோல்ட் பிஷை வைத்துப் பிறந்தநாளுக்குக் கொடுப்பது, மொன்டிசூரியில் பரிசாகக் கொடுப்பது இதெல்லாம் நிற்க வேண்டும். பிள்ளைக்கு நாங்கள் கொடுப்பது மீன் அல்ல, பத்து நாளில் வரப்போகும் ஒரு ஜனாஸா.

எங்கள் கடினமான கிணற்றுத் தண்ணீருக்குக் குப்பியும் மொலியும் பொருந்தும். ஐந்து ஆண் குப்பி மட்டும் வாங்கினோம். பெண் குப்பி ஒன்று வந்தாலும் ஏறக்குறைய மாதத்துக்கொரு முறை இருபது முப்பது குஞ்சு போடும், கடையிலேயே சினையாகித்தான் வரும். சொப்பிங் பேக்கை அப்படியே தொட்டியில் 20 நிமிடம் மிதக்க விட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேக்குக்குள் ஊற்றி, கடைசியில் மீனை மட்டும் நெட்டால் எடுத்து விட்டோம். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. இரண்டு வாரம் மஞ்சளும் நீலமும் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூன்று மொலி. மீன் கூடினால் பற்றீரியாவும் கூட வேண்டும், அதற்கு அவகாசம் வேண்டும். ஒரேயடியாகப் பத்தை விட்டால் பழைய கதைதான்.

சாப்பாடு ஒரு நாளைக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. சனி ஞாயிறு ஒன்றுமில்லை, ஒன்றும் ஆகாது. வாரத்துக்கொரு முறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுகிறோம். ஸ்பொஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்துவிட்டுத் திரும்பப் போடுவோம். பார்க்க அழுக்காகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

டேங்க் கிளீனர் மறுபடி வாங்கவில்லை. கடையில் விரலளவு இருக்கும் அது ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் வீட்டுக்காரர் என்ன செய்வார்? "பாவம், உயிர் தப்பட்டும்" என்று ஆற்றிலோ குளத்திலோ விடுவார், நன்மை செய்த திருப்தியோடு வீட்டுக்கு வருவார். எமது நாட்டு நீர்நிலைகளில் அது இப்போது பரவியிருக்கிறது. முள்ளும் தட்டுமான அந்த உடம்பு வலையில் சிக்கினால் வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், நட்டம் மீனவருக்கு. கறிக்கும் யாரும் எடுப்பதில்லை. சல்வீனியாவும் இப்படித்தான் வந்தது. 1939இல் கொழும்புக்கு அதைக் கொண்டு வந்தது தாவரவியல் ஆய்வுக்காக, அதாவது படிப்புக்காக. அது வெளியே போய், வயல்களையும் குளங்களையும் மூடியது. படிப்பிக்கிறவர்கள் நாங்கள் இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டியிருக்கிறது. வளர்க்க முடியாமல் போனால் கடையிலோ வளர்ப்பவரிடமோ திருப்பிக் கொடுங்கள். வாய்க்காலில் விடாதீர்கள். தொட்டிச் செடியையும் வீசாதீர்கள்.

எங்கள் நாட்டுக்கே உரிய மீன்கள் இருக்கும்போது ஏன் வெளிநாட்டு மீன் என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. செரி பார்ப் என்று உலகம் முழுக்கத் தொட்டிகளில் ஓடும் சிவப்பு மீன் களனி தொடக்கம் நில்வளவை வரை உள்ள ஈரவலய ஓடைகளுக்கே சொந்தம். 1929இல் அதற்குப் பெயரிட்டவர் பி. ஈ. பி. தெரணியகல. ஆனால் அது மரநிழலில் ஓடும் மென்மையான தண்ணீருக்குப் பழகியது. எங்கள் ஊர்த் தண்ணீர் அதற்கு ஒத்து வராது. ஓடையில் பிடித்து வருவதும் பிழை. தண்ணீர் ஒத்து வரும் ஊர்க்காரர்கள் வளர்ப்பு மீனாகக் கிடைத்தால் வாங்குங்கள், எங்களுக்குப் படம் அனுப்புங்கள்.

கடைக்காரர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று எங்களுக்கு விற்றவரிடம் போய்க் கேட்டோம், தொட்டி எப்ப வைத்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று. அவர் கோபப்படவில்லை. "ஒரு மாசம் செண்டு வாங்கன்டு சொன்னா நீங்க பக்கத்துக் கடைக்குத்தான் போவீங்க டீச்சர்" என்றார். உண்மை. அன்று செவ்வாய்க்கிழமை, அடுத்த நாள் குழு, நாங்கள் பக்கத்துக் கடைக்குத்தான் போயிருப்போம். ஆனாலும் எங்கள் கருத்து மாறவில்லை. தொட்டியை இன்று விற்று, மீனுக்கு அடுத்த மாதம் வரச் சொல்லும் கடை ஒன்று ஊரில் இருந்தால் நாங்கள் அங்கே மட்டும்தான் வாங்குவோம், இங்கேயும் எழுதுவோம். பாடசாலைகளிலும் அப்படித்தான். வருகைக்காகத் தொட்டி வைக்காதீர்கள். வைத்தால் ஐந்து வாரம் வெறுமையாக நிற்பதை யாரும் குறையாகப் பார்க்க வேண்டாம். அதிபர்மார் நண்பர் பட்டியலில் பலர் இருக்கிறீர்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இன்றைக்கு 71வது நாள். எட்டு மீன் விட்டதில் ஏழு இருக்கிறது. ஒரு மொலி சென்ற வாரம் செத்தது. மஞ்சள், நீலம் இரண்டும் சரியாக இருந்தன, வயிறு வீங்கியிருந்தது. காரணம் எங்களுக்குத் தெரியவில்லை என்று பிள்ளைகளிடம் சொன்னோம். தாளில் அப்படியே எழுதினார்கள்: "காரணம் தெரியாது."

அடுத்த தவணை தரம் 3க்கும் ஒரு தொட்டி வைக்கக் கேட்கிறார்கள். எங்கள் ஸ்பொஞ்சில் பாதியை அவர்களுக்கு வெட்டிக் கொடுக்க நினைத்தோம். ஆனால் அந்த மொலிக்கு என்ன நடந்தது என்று தெரியாததால் தயங்குகிறோம். ஊரில் யாருடைய வீட்டிலாவது நோயில்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் ஓடும் தொட்டி இருந்தால், பில்டரை மாற்றும்போது பழைய ஸ்பொஞ்சை வீசாமல் எங்களுக்குச் செய்தி போடுங்கள். நாங்களே வாளியோடு வந்து எடுத்துக் கொள்வோம். தொட்டித் தண்ணீரிலேயே வைத்திருங்கள், காய விட வேண்டாம், கழுவவும் வேண்டாம்.